அண்ணன் மடியும் அம்மா வீடும்

என் மகளுக்குக் காது குத்துவதற்குக் கோயிலில் நாள் குறித்துவிட்டு வந்த மறுவாரம்தான் நில அலுவலகத்திலிருந்து விசாரணை நாள் வந்தது. விசாரணை புதன்கிழமை. காது குத்து அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை. சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கு முன்னால் கைக்குழந்தையான மகனோடு நின்றேன். கோயிலில் சொல்லி நாளை மாற்றலாமா, அலுவலகத்துக்குப் பேசி ஒத்திப்போடச் சொல்லலாமா என்று யோசித்து, இரண்டையும் செய்யாமல், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு இடத்திலும் என் அண்ணன் இருக்க வேண்டும். புதன்கிழமை, இறந்துபோன அப்பாவின் வீட்டை அம்மா, அண்ணன், நான் மூவருக்குள் எப்படிப் பிரிப்பது என்று அதிகாரி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை, என் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்கிக் காது குத்திக்கொள்ள வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். வேறு மடி கிடையாது.

காது குத்து ஏற்கெனவே தாமதம். அப்பா போன பிறகு ஓராண்டு திதி முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்குள் எனக்கு இரண்டாவதாக ஒரு மகனும் பிறந்துவிட்டான். மகள் மூன்று வயதை நெருங்கியும் வெறுங்காதோடு இருந்தாள். தஞ்சோங் காராங் இரவுச் சந்தையில் கவுன் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாலும் பலகாரக்காரர்கள் பையன் என்று நினைத்து அவளை "பாய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பாவின் வீடு கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், இருக்கும் மூலை வீடு. நான் பிறந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை விற்று வீட்டு மனைகளாக்கியபோது, தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று. அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அம்மா அதே தோட்டத்தில் மருந்து அடித்தார், உதிர்ந்த பழம் பொறுக்கினார். வீடு கொடுத்தபோது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அம்மாவின் பெயரையும் சேர்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. அப்பா உயில் எழுதவில்லை. எங்கள் தாமானில் யாரும் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உயிரோடு இருக்கிற மனிதரிடம் போய் அதை எப்படிப் பேசுவது?

அண்ணன்தான் கூப்பிட்டார்.

"புதன்கெழம லீவு போட்டுரு பாப்பா. பெருசா ஒன்னும் இல்ல லா. ஆபிசரு புவான் கேப்பாங்க. செத்துஜுன்னு சொல்லிட்டு வந்துரலாம். முடிஞ்சதும் ரோட்டுக் கடையில மீ கோரெங் சாப்பிடலாம்."

"எதுக்குண்ணே செத்துஜு?" ஒத்துக்கொள்கிறேன் என்று மலாயில் அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"வூடு என் பேருக்கு வர்றதுக்குத்தான். அம்மா சொல்லலயா?"

அம்மா சொல்லியிருந்தார். அதாவது, எனக்குப் பிள்ளைப்பேறு மருந்து அரைத்துக்கொண்டே, அம்மிக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கல்யாணத்துலயே போட்டாச்சு. அவனுக்குன்னு இருக்கறது இந்த வூடுதான்."

நான் கிளினிக்கில் மருந்துக் கவுண்டரில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டு மறு கையால் தொலைபேசியில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்று வித்தியாசம் இல்லை. நாங்கள் இரண்டு பிள்ளைகள். ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று. யாராவது விட்டுக்கொடுக்க விரும்பினால் அதிகாரி முன்னால் சொல்லலாம். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சிக்கலாக இருந்திருந்தால் புரியவில்லை என்று விட்டிருப்பேன்.

வீட்டில் பங்கு வேண்டாம் என்று நான் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நாங்கள் தஞ்சோங் காராங்கில் ஒரு கடைக்கு மேல் வாடகைக்கு இருக்கிறோம். மழை பெய்தால் படுக்கையறைச் சுவர் ஊறுகிறது. மூன்றில் ஒன்று என்றால் அந்த வீட்டில் எது, முன்னறையா, பின்னால் இருக்கும் மாமரமா என்று பேருந்தில் போகும்போது நினைத்துப் பார்த்திருக்கிறேன். உடனே வெட்கமாகவும் இருக்கும். அப்பாவை ரத்தம் சுத்திகரிக்க வாரம் தவறாமல் கூட்டிப் போனது அண்ணன். பின்கட்டுச் சமையலறையை இழுத்துக் கட்டியது அண்ணன். அம்மா அண்ணனோடும் அண்ணியோடும்தான் அங்கே இருக்கிறார்.

என்னை உறுத்தியது வேறு. சபாக்கிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை அண்ணன் ஓட்டுகிறார். அது முதலாளியின் லோரி. சொந்த லோரி வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை. வீட்டு கெரான், அதாவது நிலப் பட்டா, அவர் பெயருக்கு வந்ததும் அதை வங்கியில் வைத்துக் கடன் வாங்கப் போகிறார். லோரி ஓடினால் சரி. ஓடாமல் போனால்? எஞ்சின் போனால், ஆலை மூடினால், அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால்? என் மனம் இப்படித்தான் போகும். அம்மா ஒரு துணிப்பையோடு எங்கள் கடை மாடிப்படி ஏறி வருவதுவரை போய்விடும்.

கணவரிடம் சொன்னேன். அவர் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த பத்து வருஷத்துக்கு இன்னிக்கே கவலப்பட்டு முடிச்சிட்டின்னா, அப்புறம் ஃப்ரீயா இருக்கலாம் லா நீ."

"வெளையாடாதீங்க."

"சரி. உனக்குப் பங்கு வேணும்னா கேளு. வேணாம்னா விடு. நடுவுல நின்னு எங்களயும் தூங்க விடாம பண்ணாத."

"கேட்டா, ஞாயித்துக்கெழம அண்ணன் வருவாரா?"

"வரலன்னா, டவுன்ல நகைக் கடையில காது குத்துற துப்பாக்கி வச்சிக் குத்துறான். ஒரு நாற்காலி போதும். மடியெல்லாம் அவன் கேக்க மாட்டான்."

அவர் சொன்னது சுகாதாரத்துக்கும் நல்லது என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் சீழ் பிடித்த சின்னக் காதுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாமன் மடி என்பது அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. முதல் தோடு மாமன் வாங்கி வர வேண்டும். அவள் பெரியவளானால் முதல் சேலை மாமனுடையது. கல்யாண மேடையில் அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் மாமன். அண்ணன்மாருக்கு வீட்டை விட்டுக்கொடுக்கும் தங்கைமாருக்கு இதெல்லாம் தானாக வந்து சேர்கிறது. இதற்கு அது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமன் வராத காது குத்தில் மட்டும், சாப்பாட்டுப் பந்தியில், "ஏன் மாமன காணோம்?" என்று ஒருவர் கேட்பார். அதோடு ஊருக்கே தெரிந்துவிடும்.

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு, அண்ணனை முறையாக அழைக்க வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு அம்மா வீட்டுக்குப் போனோம். லோரி விஷயத்தை அன்றே பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். அண்ணன் தட்டை வாங்கி சாமி மேடையில் வைத்தார். பிறகு என் மகளைத் தூக்கி வாசலில் நின்ற லோரியின் முன்னிருக்கையில் உட்கார வைத்து ஹார்ன் அடிக்க விட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. இறக்கியதும் அவளுடைய காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"காதா இது? பட்டாணி மாரி இருக்கு. இதுல எங்க குத்துவான் அந்த பத்தரு?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். சிவப்புக் கல் வைத்த தோடு. முன்கூட்டியே வாங்கிவிட்டிருக்கிறார். வழியில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

பின்கட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் கேட்க முடிந்தது.

"அம்மா, லோரி சரியா ஓடாம, பேங்கு வூட்ட எடுத்துக்கிட்டா எங்க போவ?"

"ஒங்கண்ணன் என்ன, என்னய ரோட்டுல வுட்டுருவானா?"

"அண்ணனே ரோட்டுக்கு வந்துட்டா?"

"வாயில நல்ல வார்த்த வராதாடி ஒனக்கு?" மீனின் செவுளை வேகமாகப் பிய்த்தார். "எனக்கு எதுக்கு வூடு? கட்டிக்கிட்டா போவப் போறேன்?"

"உன் பேரும் இருக்கட்டும்னுதான் சொல்றேன். மருந்து டின்ன முதுகுல சொமந்தது நீ."

"சொமந்தேன். அதுக்கு சம்பளம் குடுத்துட்டான்." கையைக் கழுவிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ புதன்கெழம போயி அவனுக்கு எதிரா ஏதாச்சும் பேசிட்டு, ஞாயித்துக்கெழம எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அவன் மடியில புள்ளய ஒக்கார வைப்ப?"

 மூன்று நாளும் அதே கேள்விதான் என்னோடு இருந்தது. கவுண்டரில் ஒரு பாட்டிக்கு இருமல் மருந்தைத் தவறிப்போய் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தேன். அவரே ஒன்றைத் திருப்பித் தந்தார். அம்மாவுக்காகத்தான் கவலைப்படுகிறேனா, எனக்குக் கிடைக்காத வீடு அண்ணனுக்கு மட்டும் முழுசாகப் போவது பொறுக்காமல் அம்மாவைச் சாக்காக வைக்கிறேனா? ஒவ்வொரு மணி நேரமும் வேறு வேறு பதில் வந்தது.

புதன்கிழமை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பால் குடிக்கிற மகனை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். அறைக்குள் குளிர் அதிகம். அதிகாரி நடுவயது மலாய்ப் பெண்மணி, மரியாதையாகப் பேசினார். முதலில் சத்தியம் செய்ய வேண்டும். நான் கையைத் தூக்க வேண்டும் என்றதும் அண்ணன் என் மகனை வாங்கிக்கொண்டார். வாங்கி, குளிராமல் இருக்க என் துவாலையை அவன் காதுவரை இழுத்துப் போர்த்தினார்.

அதிகாரி முதலில் அம்மாவிடம் கேட்டார். சட்டப்படி அவருக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று பொறுமையாக விளக்கினார். அம்மா தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், மகனுக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்கு வேண்டாம் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மகளும் ஒத்துக்கொள்கிறாரா?

அண்ணன் மடியில் என் மகன் அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்று மலாயில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஆனால் அம்மாவுக்கு. அண்ணனுக்கு இல்லை."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு, இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதிவிடலாம் என்றார். அம்மா தன் பங்கை அண்ணனுக்கு, மகள் தன் பங்கை அம்மாவுக்கு என்றால், முடிவில் அண்ணனுக்கு இரண்டு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு. அம்மாவின் பெயரும் பட்டாவில் வரும். இனி விற்பதற்கோ அடகு வைப்பதற்கோ இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள் பெயர் இருக்காது. அப்படித்தானே?

அப்படித்தான். எனக்கு ஒன்றும் இல்லை என்பதை ஓர் அந்நியர் அவ்வளவு தெளிவாகச் சொன்னபோது பின்னால் இருக்கும் மாமரம் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அதிகாரி அண்ணனைப் பார்த்து, ஒத்துக்கொள்கிறீர்களா என்றார். அண்ணன் பையனின் விரல்களைப் பேனாவிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"செத்துஜு" என்றார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"எம் மேல நம்பிக்க இல்ல."

"அது இல்லண்ணே."

"பின்ன என்ன லா அது?"

"அம்மா பேரும் இருக்கட்டும்னு."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். இனிமே பேங்குக்குப் போனா அம்மாவையும் லோரியில ஏத்திக்கிட்டுப் போவேன்."

"என்னால லோரியெல்லாம் ஏற முடியாதுப்பா" என்றார் அம்மா, கவலையாக. யாரும் சிரிக்கவில்லை. மீ கோரெங் பற்றியும் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து அழைப்பு இல்லை. ஞாயிறு எத்தனை மணிக்கு என்று நினைவூட்டும் சாக்கில் ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். மகளின் படத்தை அனுப்பலாம் என்று எடுத்தேன். அது கெஞ்சுவதுபோல இருக்குமோ என்று அனுப்பவில்லை. அண்ணியைக் கூப்பிட்டபோது, "அவரு லோரி ஓட்டறாரு" என்று மட்டும் சொன்னார். கணவர் என் பெரியம்மா மகனின் பெயரைச் சொன்னார், முறைக்கு அவரும் மாமன்தானே என்று. வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் அண்ணன் உட்காரட்டும், இல்லாவிட்டால் காது அப்படியே இருக்கட்டும், எல்லாரும் அவளை பாய் என்றே கூப்பிடட்டும்.

தோட்டம் போன பிறகும் கோயில் அதே இடத்தில் இருக்கிறது, சுற்றிலும் இரண்டு மாடி வீடுகளோடு. ஞாயிறு காலை நாவிதர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டார். பத்தர் ஊசியைத் துடைத்துத் துடைத்து நேரம் போக்கினார். நான் கொண்டுவந்த கிருமிநாசினியை அவர் முன்னால் இரண்டு தடவை தள்ளி வைத்தேன். "தெரியும்மா, தெரியும்மா" என்றார். குருக்கள், நல்ல நேரம் போகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார். சனம் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

லோரிச் சத்தம்தான் முதலில் கேட்டது. கார் இருக்கும்போது அவர் எதற்காக லோரியில் வந்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மறுபக்கம் அண்ணி தட்டோடு இறங்கினார். நடுவில், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, அம்மா இறங்கினார்.

"ஏறிட்டேன்" என்றார் அம்மா என்னைப் பார்த்து.

அண்ணன் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். மகளைக் கொடுத்தேன். முடி இறங்கும்வரை அவள் லோரி ஹார்ன் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியதும் கோயில் அதிர அலறி, தன் கண்ணைப் பொத்தியிருந்த மாமனின் கையை இழுத்து நன்றாகக் கடித்துவிட்டாள். அவர் கையை எடுக்கவில்லை. இரண்டாவது காது முடியும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"கடிக்கறா பாரு" என்றார் பத்தரிடம், எனக்குக் கேட்கும்படி. "அப்படியே அவங்கம்மா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று குனிந்த தலையில் தெரியவில்லை. அந்த மடி அன்று மனதோடு கிடைத்ததா, ஊருக்காகக் கிடைத்ததா என்று அதன் பிறகு எவ்வளவோ தடவை யோசித்துவிட்டேன். அம்மாவின் பெயருக்காக அவர் மனத்தை உடைத்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். என் பங்கையும் கேட்டிருக்க வேண்டுமோ என்று, சுவர் ஊறுகிற நாள்களில், தோன்றும். தொட்டிலில் கிடக்கும் மகனைப் பார்ப்பேன். ஒருநாள் இவனும் ஒரு மாமன். அவனையும் அவளையும் நான் எங்கே உட்கார வைத்து, எதைச் சொல்லிப் பிரிக்கப் போகிறேன்? பிரிக்க எங்களிடம் ஒன்றும் இல்லையே என்பதுகூட அப்போது ஞாபகம் வராது.

சில மாதங்கள் கழித்து, மகளின் காது ஆறி, சிவப்புக் கல் தோடு பழகிப்போன பிறகு, ஒரு மத்தியானம் கிளினிக்கில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டார். பட்டா வந்துவிட்டது. அண்ணன் ஒரு லோரி பார்த்து வைத்திருக்கிறார். வங்கித் தாளில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

"நீதான என் பேர போட வச்ச" என்றார். "இப்ப சொல்லு. போடவா, வேணாமா?"

பிசைந்த சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டேன். போடாதே என்றால் அண்ணனுக்கு லோரி இல்லை. இனி அந்த மடியும் இருக்காது. போடு என்றால் அந்தப் புதன்கிழமையே வீண். இதை நான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று மட்டும் எனக்கு ஏனோ தோன்றியதே இல்லை.

"உனக்கு என்னம்மா தோணுது?"

அந்தப் பக்கம் பின்னால் கோழி கொக்கரித்தது.

"லோரிய நான் இன்னும் பாக்கல" என்றார் அம்மா. "கூட்டிப் போயி காட்டுன்னு சொல்லிட்டேன். டயரு, எஞ்சினு எல்லாம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரயும் கூட்டியாரச் சொன்னேன். பாத்துட்டு யோசிக்கணும்னேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"மொனகிக்கிட்டே சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கான், ஆள கூட்டியார. நான் சேல மாத்தணும், வையி."

வைத்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவை மூடினேன். எந்த ஆள், என்ன லோரி, எவ்வளவு பழையது என்று கேட்காமல் விட்டேனே என்று மறுபடியும் தொலைபேசியை எடுத்தேன். அம்மா எடுக்கவில்லை.